இன்னும் இரண்டு சொம்பு

ஜூன் பதினான்கு, காலை பதினொன்றே கால், தில்லியில் அனல்காற்று. நான் வளர்ந்த அரசுக் குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் பிசினஸ் பார்க் கட்டப் போகிறார்கள். அதற்கான கருத்துக் கேட்புக் கூட்டத்தில், மிச்சமிருக்கும் பதினொரு நாவல் மரங்களையாவது வெட்டாதீர்கள் என்று சொல்வதற்காகக் காத்திருந்தேன். ஆளுக்கு இரண்டு நிமிடம்தான். பந்தலில் கூலரை ஓடவிட்டார்கள். உள்ளே இருந்த வெட்டிவேர் நனைந்து மணத்தது.

அந்தக் காலத்தில் ஜன்னலுக்கு ஜன்னல் வெட்டிவேர்த் தட்டி தொங்கும். மாடிவீட்டு பஞ்சாபி ஆண்ட்டி தன் தட்டிக்கு மூன்று சொம்பு ஊற்றிவிட்டு, அம்மா ஆபீஸ் போய்விட்ட எங்கள் வீட்டுக்காக இன்னும் இரண்டு சொம்பு ஊற்றுவாள். அது சொட்டுச் சொட்டாக இறங்கி எங்கள் தட்டியை நனைக்க, நானும் தங்கையும் இருண்ட அறையின் தரையில் படுத்து, வெளியே நாவல் பழம் பொத்தென்று விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம்.

"டண்டா ஹோ கயா, பேட்டா?" குளிர்ந்துவிட்டதா என்று மேலிருந்து கேட்பாள்.

"ஹோ கயா, ஆண்ட்டி!"

யாரோ தோளை உலுக்கினார்கள். அதே பிளாக்கில் வளர்ந்த சங்கரன்.

"ஏல, உன் பேர மூணு தடவ கூப்ட்டாச்சு. ஒறங்குதியோ?"

மேடையில் அடுத்தவர் பேசிக்கொண்டிருந்தார். எழுந்து போய்க் கேட்டேன். என் முறை முடிந்துவிட்டது என்றார்கள். மரங்களைப் பற்றி அன்று வேறு யாரும் பேசவில்லை.

இப்போது நான் குடியிருக்கும் துவாரகாவிலிருந்து ஆட்டோ, போக வர அறுநூற்று நாற்பது ரூபாய்.