சகாதேவன் பெயருக்கு வந்த ஒரே சர்டிபிகேட்

என் பெயர் சகாதேவன். மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. கீழ்பென்னாத்தூர் மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கினேன், பிறகு வேன் ஓட்டினேன், 1989இல் பழைய அம்பாசடர் ஒன்றைச் சொந்தமாக வாங்கினேன். இன்று ரமணாசிரமத்துக்குப் பின்னால் பதினோரு அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன். அதில் ஒரு செங்கல்கூட அடுத்தவன் கொடுத்ததில்லை. கூடத்துச் சுவரில் மகள் தேவிப்ரியா வாங்கிய பட்டம் தொங்குகிறது. என் பெயர் போட்ட காகிதம் எதுவும் அங்கே இருந்ததில்லை.

ஆனால் ஓட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. தீபத்துக்கு முதல் நாள் செங்கம் ரோட்டில் கார் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்திலும் என் வண்டி யாரையும் உரசியதில்லை.

காருக்கு இன்சூரன்ஸ் போடுவது ஏஜெண்ட் சக்கரபாணி. வருடா வருடம் வருவார், காபி குடிப்பார், படிவத்தை நீட்டுவார். "கையெழுத்து போடுங்கண்ணா, மீதிய நான் பாத்துக்கறேன்." ஒரு தடவை மட்டும், "உங்களுக்குப் போனஸ் ஒண்ணு கீதுண்ணா" என்றார்.

"போனஸ் வாங்க நான் என்னா மில்லுலயா வேலை செய்யறேன்? உள்ளத எழுதுய்யா" என்றேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

2009இல் பாலிசி முடிய நான்கு நாள் இருந்தபோது, சென்னையில் வேலை பார்க்கும் தேவிப்ரியா கம்ப்யூட்டரோடு வந்தாள். எல்லாக் கம்பெனி விலையையும் ஒரே பக்கத்தில் வரிசையாகக் காட்டும் இணையதளம் ஒன்றைத் திறந்தாள். அதுவரை எனக்குத் தெரிந்தது ஒரே விலைதான், சக்கரபாணி சொல்லும் விலை.

"அப்பா, கிளெய்ம் ஏதாவது வாங்கினியான்னு கேக்குது."

"அப்படின்னா?"

"வண்டி அடிபட்டு கம்பெனிகிட்ட பணம் கேட்டியா?"

"என் வண்டி எதுக்கு அடிபடுது? இருபது வருஷமா ஒரு கீறல் இல்ல."

இல்லை என்று அழுத்தினாள். திரையில் இருந்த விலையெல்லாம் மளமளவென்று இறங்கியது.

"கிளெய்ம் கேக்காதவங்களுக்கு வண்டி சேதத்துக்குக் கட்டறதுல பாதி வரைக்கும் கம்மி. அதுதான்பா போனஸ். ஆனா உன் பழைய பாலிசில போனஸ்னு ஒண்ணுமே காட்டல. பழைய கம்பெனி எழுதிக் குடுத்தாதான் செல்லும்."

இருபது வருடமாக ஒரு கீறல் இல்லை என்று டீக்கடையில் சொன்னால் சிரிப்பார்கள். என் பேச்சுக்கு ஒருத்தன் விலையைக் குறைத்தது அன்றுதான்.

சக்கரபாணிக்குப் போன் போட்டு அந்தக் கடிதத்தைக் கேட்டேன்.

"கம்ப்யூட்டர நம்பாதீங்கண்ணா. நாளைக்கு வண்டி மோதினா அதுவா ஓடியாரும்?"

"மோதினாதானே?"

"போனஸ் வேணாம்னது நீங்கதானே?"

அது உண்மை. அதற்காக விட்டுவிட முடியுமா? "இனாம்னு நெனச்சி வேணாம்னேன். இது என் கை சம்பாதிச்சதுய்யா" என்றேன்.

மறுநாள் காலை பழைய கம்பெனி ஆபீசுக்கே போய்க் கடிதம் கேட்டேன். சீட்டில் ரேணுகாம்பாள் என்ற அம்மா இருந்தார்.

"ஏஜெண்ட் மூலமா வாங்க பெரியவரே."

"வண்டி ஓட்டினது ஏஜெண்டா, நானா?"

"பழைய பைலெல்லாம் தேடணுங்க. சாயங்காலம் ஆவும்."

"தேடுங்கம்மா. சோறு கட்டி எடுத்தாந்துதான் கீறேன்."

பெஞ்சிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். மேனேஜர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. நாலு மணிக்கு அந்த அம்மா முத்திரை குத்திய கடிதத்தோடு வந்தார்.

"நெஜமாவே கிளெய்ம் ஒண்ணுமில்லீங்க. ஒரு தபா கூட."

கடிதம் இங்கிலீஷில் இருந்தது. படித்துச் சொல்லச் சொன்னேன். சகாதேவன் இத்தனை வருடத்தில் ஒரு இழப்பீடும் கோரவில்லை என்று இருந்தது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

வீட்டுக்கு வருகிற வழியிலேயே கண்ணாடிச் சட்டம் போட்டு, மகளின் பட்டத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினேன்.

"அப்பா, அத புதுக் கம்பெனிக்கு அனுப்பணும்" என்றாள் தேவிப்ரியா.

"ஜெராக்ஸ் அனுப்பு" என்றேன்.