சம்பந்தியோடு பார்க்கலாம்

ஹெப்பகோடியில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் யாராவது வீட்டில் உட்கார்ந்து படம் பார்ப்பதென்றால் முதலில் மரகதத்தைத்தான் கேட்பார்கள். படம் நன்றாக இருக்கிறதா என்று கேட்க மாட்டார்கள். அதைச் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. மரகதத்திடம் கேட்பது, அதை யாரோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்பது மட்டும்தான்.

அவளிடம் மூன்று தரம் உண்டு. சம்பந்தியோடு பார்க்கலாம், புருஷனோடு பார்க்கலாம், தனியாகப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் குடியிருப்புப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் அவள் குரலிலேயே தீர்ப்பு வந்துவிடும். கன்னடக்காரர்களுக்காகக் கடைசியில் பார்க்கலாம் என்பதற்கு 'நோடபஹுது' என்றோ, பார்க்காதீர்கள் என்பதற்கு 'நோடபேடி' என்றோ சேர்த்துக்கொள்வாள். அவளுக்குத் தெரிந்த கன்னடத்தில் பாதி அதுதான். தனியாகப் பார்க்கலாம் என்று ஒதுக்கிய படங்களை அவள் எதற்குக் கடைசிவரை பார்த்தாள் என்று யாரும் கேட்டதில்லை. கீழ்வீட்டு டோரதி, இந்த ஊரிலேயே மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவள், அந்தப் படங்களின் பெயரை மட்டும் இன்னொரு தடவை தெளிவாகச் சொல்லச் சொல்வாள்.

மரகதத்துக்குச் சினிமாப் பைத்தியம் எல்லாம் கிடையாது. குடியாத்தத்தில் இருந்தவரை வருஷத்துக்கு ஒரு படம் பார்த்தால் அதிகம். கூட்டுறவு சங்கத்தில் கணக்கராக இருந்த அவள் கணவர் சுந்தரமூர்த்தி ஓய்வு பெற்றதும், எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் மகன் ரகு இருவரையும் இங்கே அழைத்துக்கொண்டான். பிறகு மருமகள் தர்ஷினியின் அம்மா காலமாகிவிட, கிருஷ்ணகிரியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அவளுடைய அப்பா ஜெயராமனும் அதே மாடியில் எதிர்வீட்டுக்குக் குடிவந்தார். தூங்குவது அங்கே, சாப்பாடு இங்கே.

ஐந்து பேரும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்றுதான் ரகு சுவரை அடைக்கிற மாதிரி ஒரு டிவி வாங்கினான். முதல் சனிக்கிழமை, ஆபீஸில் எல்லோரும் புகழ்கிறார்கள் என்று ஒரு தொடரைப் போட்டான். பெயர்கள் ஓடி முடிவதற்குள் அந்தக் காட்சி வந்துவிட்டது. ஜெயராமன் மின்விசிறியை ஆராய்ந்தார். சுந்தரமூர்த்தி கையில் கிடைத்த மிக்சர் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தார். தர்ஷினிக்குத் திடீரென்று புரையேறியது. ரகு ரிமோட்டைத் தேடினான். அது ஜெயராமனின் தொடைக்கடியில் இருந்தது. மாமனாரை எழுந்திருக்கச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவர் தாமாக நெளிந்ததில் பொத்தான் அழுந்தி, சத்தம் மட்டும் கூடியது.

அதற்குப் பிறகு பல மாதம் அந்த வீட்டில் ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு போன். ஜெயராமன் சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் வாங்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விடுவார். ஒருவர் சிரிப்பது இன்னொருவருக்குச் சுவர் வழியாகத்தான் கேட்டது. மரகதத்தால் அதைத் தாங்க முடியவில்லை. சொந்த ஊரையும் அக்கம்பக்கத்தையும் விட்டு வந்தது இப்படித் தனித்தனியாகச் சாப்பிடவா என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. அப்போதுதான் அவள் இந்த வேலையைக் கையில் எடுத்தாள்.

சனிக்கிழமை என்ன படம் என்பது வாரத் தொடக்கத்திலேயே வீட்டில் முடிவாகிவிடும். வாரநாளில் ரகுவும் தர்ஷினியும் ஆபீஸ் வண்டி ஏறியதும், சுந்தரமூர்த்தி காய்கறிக்குப் போகும் நேரமாகப் பார்த்து, ரகுவின் பழைய போனை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்வாள். படம் முழுவதையும் பார்த்து, எங்கெங்கே ஆபத்து என்று மனசில் குறித்துக்கொள்வாள். சனிக்கிழமை அவள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் அவள் கையில் இரண்டு ஆயுதங்கள் இருக்கும். வசனம் கெட்ட வசனமாக இருந்தால் சமையலறையில் மிக்சி ஓடும். காட்சியே அப்படி என்றால் சுண்டல் தட்டோடு டிவிக்கு நேர் எதிரே வந்து நின்று, ஒவ்வொருவருக்கும் போதுமா போதுமா என்று கேட்டுப் பரிமாறுவாள். அவளுக்கு உடம்பும் கொஞ்சம் அகலம்.

இதில் அதிர்ஷ்டமும் அவள் பக்கம் இருந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து ஜெயராமனுக்குத் தண்ணீர் தவிக்கும். ரகுவுக்கு ஆபீஸிலிருந்து ஏதாவது வரும். தர்ஷினி மாடியில் காயும் துணியை எடுக்க ஓடுவாள். அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டது வீண்போகவில்லை என்று மரகதம் நினைத்துக்கொண்டாள்.

படம் முடிந்ததும் ஆளாளுக்கு ஒரு கருத்து வரும். ரகு, வெளியே என்ன மதிப்பெண் போட்டிருக்கிறார்களோ அதையே தன் கருத்தாகச் சொல்வான். தர்ஷினிக்கு எல்லாப் படமும் இழுவை. ஜெயராமன் படத்தைப் பற்றிப் பேசமாட்டார், கீழே ஓடிய தமிழ் எழுத்துகளில் எத்தனை சந்திப்பிழை என்று சொல்லி வருத்தப்படுவார். சுந்தரமூர்த்தியின் கருத்து 'ம்'. கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதும் அவர் அதைத்தான் சொன்னார். மரகதம் இன்றுவரை அதை நல்லவிதமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த சனிக்கிழமைகளுக்கு நடுவே அவள் கண்ணில் புரை முற்றியது. ஆபரேஷன் செய்து கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பிய டாக்டர், அடுத்து நான் சொல்லும்வரை போனும் கூடாது, டிவியும் கூடாது, கண்ணில் தண்ணீரும் படக்கூடாது என்றார். மரகதத்துக்குக் கண்ணைப் பற்றிய கவலை அங்கேயே போய்விட்டது. சனிக்கிழமையைப் பற்றிய கவலை வந்து உட்கார்ந்தது. இன்னொரு தடவை அந்த மாதிரி ஒன்று நடந்தால் சம்பந்தி திரும்பவும் தூக்குச்சட்டியை எடுத்துவிடுவார். பிறகு அவரை யார் கூப்பிடுவது?

வேறு வழியில்லாமல் கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். இத்தனை நாள் தான் செய்துவந்ததையும், இந்த வாரம் அவர் செய்யவேண்டியதையும் விவரமாகச் சொன்னாள். சுந்தரமூர்த்தி ஆச்சரியப்படவில்லை. 'ம்' என்று சொல்லி, போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெளியே வந்தவரிடம் எங்கேயாவது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றார் அவர்.

குடலிறக்கத்தோடு நடமாடிக்கொண்டிருந்தபோதும் இந்த மனுஷன் ஒண்ணுமில்ல என்றுதான் சொன்னார். மரகதம் அவரை நம்பவில்லை.

சனிக்கிழமை அவளுக்குச் சாப்பாட்டு மேஜைப் பக்கம் நாற்காலி போட்டு, டிவிக்கு முதுகு காட்டி உட்காரவைத்தார்கள். காதால் கேட்டால் போதும் என்பது தர்ஷினியின் உத்தரவு. ஒரு லாரி டிரைவரின் கதை. மனைவியை விட்டுப் பல வருஷம் பிரிந்திருந்தவர், வயதான காலத்தில் அவளைத் தேடிப் போகிறார். மரகதம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். லாரிச் சத்தம் கேட்டவரை பயமில்லை. பிறகு லாரி நின்றது. கதவு சாத்தப்பட்டது. பேச்சு ஒன்றும் இல்லை. ஒரு புல்லாங்குழல் மெதுவாக ஆரம்பித்தது. வளையல் குலுங்கியது. யாரோ மூச்சை இழுத்து விட்டார்கள். ஹாலில் ஒருவரும் அசையவில்லை. தண்ணீர் தவிக்கவில்லை, போன் அடிக்கவில்லை, மாடியில் துணி காயவில்லை.

மரகதம் எழுந்தாள். சுவரைத் தடவிக்கொண்டு சமையலறைக்குப் போய் மிக்சியைப் போட்டாள். ஜாரில் ஒன்றும் இல்லை. வெறும் ஜார் அலறிய அலறலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. போதும் என்று தோன்றும்வரை ஓடவிட்டு நிறுத்தினாள். ஹாலில் படத்தையும் நிறுத்தியிருந்தார்கள்.

"சட்னி" என்றாள் மரகதம்.

ஜெயராமன்தான் முதலில் பேசினார்.

"சம்பந்தியம்மா, நீங்க நினைக்கிறது இல்லைங்க. அந்தம்மாவுக்குக் கையைத் தூக்க வரமாட்டேங்குது. இவர் தலை வாரி விடறாரு, அவ்வளவுதான்."

"இப்ப அவங்க ஒண்ணு சொல்லுவாங்கம்மா, படமே அதுலதான் இருக்கு. அதுக்குள்ள மிக்சி ஓடிடுச்சு" என்றான் ரகு.

தர்ஷினி அவனைத் திரும்பிப் பார்த்தாள். படம் அங்கேயே நிற்கிறது, சொல்லப்போவது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். ரகு திருதிருவென்று விழித்தான். ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டுப் பார்த்ததை ஒப்புக்கொண்டான். அது சரி, படமே அதில்தான் இருக்கிறது என்று நான் சொன்னபோது நீ ஏன் தலையாட்டினாய் என்று திருப்பிக் கேட்டான். தர்ஷினி தன் ஆபீஸ் வண்டியில் வரும்போதே வேகமாக ஓடவிட்டுப் பார்த்திருந்தாள். எல்லாப் படமும் அவளுக்கு இழுவையாக இருந்ததன் காரணம் அப்போதுதான் வெளிப்பட்டது. அவள் வாரம் தவறாமல் இரண்டாம் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயராமன் தொண்டையைச் செருமினார். அவர் வியாழக்கிழமையே பார்த்துவிட்டாராம். இந்தப் படத்தை மட்டுமல்ல, ரிமோட்டின் மேல் உட்கார்ந்த அந்த நாளுக்குப் பிறகு போட்ட எல்லாப் படத்தையும். எப்போது தண்ணீர் தவிக்கவேண்டும் என்று தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை என்றார்.

மரகதம் சமையலறை வாசலில் நின்றபடியே கேட்டாள். அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. எத்தனை படம், எவ்வளவு சுண்டல். தெரிந்த கதையையா இவர்கள் எல்லோரும் வாரா வாரம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்?

"அப்போ எதுக்குத்தான் எல்லாரும் இங்க வந்து உக்காந்தீங்க?" என்று கேட்டாள்.

கேள்வி நியாயமானது என்பதால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ கூப்புட்டியே" என்றார் சுந்தரமூர்த்தி.

தர்ஷினி அத்தையைக் கைபிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்து, படத்தைக் கொஞ்சம் பின்னால் ஓட்டினாள். திரும்பவும் கதவு, புல்லாங்குழல், வளையல். இந்தத் தடவை ஜெயராமன் தணிந்த குரலில் நடப்பதைச் சொல்லிக்கொண்டே வந்தார், பாடம் நடத்துகிற மாதிரி. சிக்கு எடுக்கிறார். வகிடு எடுக்கிறார். கை நடுங்குகிறது. பிறகு அவரும் நிறுத்திவிட்டார். பல வருஷமாகப் புருஷனோடு பேசாத அந்தக் கிழவி பேசினாள்.

"கோணலா எடுக்கற."

அந்த ஹாலில் அதை முதல் தடவையாகக் கேட்டவள் மரகதம் ஒருத்திதான். கறுப்புக் கண்ணாடிக்குள் அவள் அழுதாள். டாக்டர் அதையும் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்.

கண்ணாடி கழன்ற வாரம் வீட்டில் ஒரு சத்தியம் செய்துகொண்டார்கள். இனிமேல் யாரும் முன்கூட்டிப் பார்ப்பதில்லை. மரகதம் உட்பட. வெள்ளிக்கிழமை குழுவில் அவளுடைய தீர்ப்பு வராததால் குடியிருப்பே கொஞ்சம் கலங்கியது. எந்தப் படம் போடலாம் என்று மரகதமே, வாழ்க்கையில் முதல் தடவையாக, டோரதியைக் கேட்டாள். டோரதி ஒரு பெயரைச் சொல்லி, "சூப்பரா இருக்குது ஆண்ட்டி" என்றாள். யாரோடு பார்க்கலாம் என்று அவள் சொல்லவில்லை. மரகதமும், சத்தியம் செய்திருந்ததால், கேட்கவில்லை.

சனிக்கிழமை ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். மரகதத்துக்கு அன்றைக்குத் தனி நாற்காலி இல்லை, சோபாவில் நடு இடம். படத்தில் மேகம் கறுத்தால், மழைப்பாட்டு வந்துவிடுமோ என்று எல்லோரும் பதறினார்கள். கதாநாயகன் வீட்டுக்குள் குடையைக் கொண்டுவந்தால் பதறினார்கள். இடைவேளை வரும் நேரம் வரை ஒன்றும் நடக்கவில்லை. ரகு தைரியமாகச் சாய்ந்து உட்கார்ந்தான். அப்போது படத்தில் கரண்ட் போனது. கதாநாயகி மெழுகுவர்த்தி ஏற்றினாள். கிடார் மெதுவாக ஆரம்பித்தது.

யார் முதலில் எழுந்தார்கள் என்று பிறகு பேசிப் பார்த்தும் முடிவாகவில்லை. ஜெயராமன் தண்ணீர் என்றார். தர்ஷினி துணி என்றாள், ஆனால் மாடிப்படிப் பக்கம் போகவில்லை. ரகு போனைக் காதில் வைத்துக்கொண்டான், அது அடிக்கவே இல்லை. மரகதம் மிக்சிக்காகப் போனாள். கடைசியில் ஐந்து பேரும் இருந்த இடம் சமையலறை. இரண்டு பேர் நின்றாலே முட்டிக்கொள்ளும் அந்த இடத்தில் அடுப்புமேடைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஆளில்லாத ஹாலுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். மரகதம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவர்கூட அவரவர் மூலைக்குப் போகவில்லை. சந்தோஷத்தில் அவளுக்கு மிக்சியைப் போடவே மறந்துவிட்டது.

ஹாலில் கிடார் ஓய்வதாக இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு படத்தைப் பற்றியும் வாய் திறக்காத சுந்தரமூர்த்தி, சம்பந்தி நீட்டிய தண்ணீர்ச் சொம்பை வாங்கிக் குடித்துவிட்டு, "படம் நல்லா இருக்கு" என்றார்.