வெடிகுண்டு தேடிய தேனீக்களும் என் மூன்று மாத வேலையும்

தோற்றுப்போனாலும் பரவாயில்லை என்று அரசாங்கமே பணம் கொடுத்து நடத்துகிற வேலையில் நீங்கள் இருந்திருக்கிறீர்களா? நான் இருந்தேன். புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்தில் பாமாயில் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டம். அதன் ஓரத்தில் வேலி போட்ட ஒரு கொட்டகை. அங்கே தேனீக்களுக்கு வெடிமருந்து வாசனையைப் பழக்குவது என் வேலை. மண்ணில் புதைத்த வெடிகுண்டைத் தேனீ மோப்பம் பிடித்துக் காட்டினால் சிப்பாய்களின் காலும் உயிரும் தப்பும் என்பது திட்டம். அப்போது வெளியே மூச்சு விடக்கூடாது. இப்போது திட்டத்தையே மூடிவிட்டார்கள், அதை நடத்திய டாக்டரும் போகிற இடமெல்லாம் படம் போட்டுக் காட்டுகிறார், அதனால் நானும் சொல்லலாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கையெழுத்துப் போட்டு வேலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்னைப் போன்ற கொன்ட்ரேக் ஜென்மங்களே, இது உங்களுக்குத்தான்.

பூ வைக்காத பொண்டாட்டி

இதற்கு முன்னால் நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். கம்பெனி பஸ் இருட்டில் வந்து ஏற்றிக்கொண்டு போகும், இருட்டில் கொண்டுவந்து இறக்கும். என் மகள் யாழினிக்கு அப்போது இரண்டு வயது. அவளுடைய தூங்குகிற முகம்தான் எனக்குப் பழக்கம். அந்த நேரத்தில்தான், மோட்டார் சைக்கிளில் ஏறினால் இஞ்சின் சூடாவதற்குள் போய்ச் சேருகிற தூரத்தில் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து நானே பிள்ளைக்குச் சோறு ஊட்டலாம். சம்பளம் ரவாங்கைவிடக் குறைவுதான். இருந்தாலும் ஓடிப்போய் நின்றேன்.

நேர்முகத்துக்கு உட்கார்ந்தவர் டாக்டர் சுரேன். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, கோலாலம்பூர் பல்கலைக்கழகத்தில் பூச்சிகளைப் பற்றிப் படித்தவர். நான் எதுவரை படித்தேன் என்று கேட்கவே இல்லை. "தலைக்கு எண்ணெய் வைப்பீங்களா? மல்லிகைப்பூ? பவுடர்? சென்ட்?" என்று கேட்டார். வேறு வாசனை வந்தால் தேனீ குழம்பிவிடுமாம். எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன் என்றேன். மறுநாள் காலையில் எண்ணெய் இல்லாத தலையும் பூ இல்லாத கொண்டையுமாக மோட்டாரை உதைத்தேன். செம்பனைக் குலை லோரி ஓட்டுகிற என் வீட்டுக்காரர் வாசலில் நின்று ஏற இறங்கப் பார்த்தார். "புனிதா, நீ வேலைக்குப் போறியா, இல்ல நான் செத்துப் போயிட்டேனா? சொல்லிடு லா."

தோற்பதற்கும் அனுமதி உண்டு

எங்கள் தேனீக்கு இங்கே கெலுலுட் என்று பெயர். கறுப்பாக, எறும்புக்கு இறக்கை முளைத்த மாதிரி இருக்கும், கொட்டாது. காலையில் தட்டில் சீனித்தண்ணி வைத்து, பக்கத்தில் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த வாசனைக் குப்பியைத் திறந்து வைப்பேன். இந்த வாசனை எங்கே வருகிறதோ அங்கே சீனி இருக்கும் என்று அவை புரிந்துகொள்ள வேண்டும். பிறகு குப்பியை மட்டும் மண்ணுக்குள் ஒளித்து வைப்போம். சில நாள் நேரே போய் அந்த மண்மேல் சுற்றும். சில நாள் எங்களை மதிக்காமல் வேலியோரச் செம்பருத்திக்குப் போய்விடும்.

அப்படிப் போன ஒரு நாள், "டாக்டர், இதுங்க கண்டுபிடிக்காமப் போனா என்ன ஆவும்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "இது ஹை ரிஸ்க் கிராண்ட், புனிதா, ஆராய்ச்சிக்கு அரசாங்கம் குடுக்கிற பணம். தோத்துப் போறதுக்கும் இடம் வெச்சுத்தான் குடுத்திருக்காங்க. தோத்தா ஏன் தோத்தோம்னு எழுதிக் குடுத்தாப் போதும். யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க." எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். "அப்ப என் வேலைக்கும் பயமில்ல?" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "அது வேற புனிதா. உங்களுக்கு மூணு மாசம், மூணு மாசம்தான்."

சீனியைத் தின்றது யார்?

வெளிநாட்டிலிருந்து ஒரு கேமரா வந்தது. தேனீயின் மீசை ஆடுவதைக்கூடக் காட்டும். எங்கள் வீட்டை விற்றாலும் அதை வாங்க முடியாது என்றார் டாக்டர். அதை வாங்க யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆனால் சீனி வாங்கக் கேட்டபோது கணக்குப் பிரிவு பணத்தை நிறுத்திவிட்டது. சீனி உணவுப் பொருளாம். ஆராய்ச்சிப் பணத்தில் உணவு வாங்க வேண்டுமென்றால், கூட்டம் நடந்திருக்க வேண்டுமாம். நான் வீட்டுச் சீனியை டப்பாவில் எடுத்துப்போய்க் கரைத்துக்கொண்டிருந்தேன். கணக்குப் பிரிவிலிருந்து போன் செய்த அம்மா மலாயில் மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார்: "சாப்பிட்டவங்க பேரு, பதவி, ரெண்டும் எழுதி அனுப்பிடுங்க, சரியா?"

வள்ளியக்காவின் காலிப் போத்தல்

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். அதனால் தேன் பண்ணையில் வேலை என்று ஊரில் சொல்லிவைத்தேன். எங்கள் வரிசையில் குடியிருக்கும் வள்ளியக்கா அதே தோட்டத்தில் உரம் போடுகிறவர். அவர் கழுவிக் காயவைத்த காலிப் போத்தலோடு வந்துவிட்டார். கெலுலுட் தேன் சீனி வியாதிக்கு நல்லது, ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"இன்னும் வரலக்கா" என்றேன். அடுத்த மாதமும் அதே போத்தல், அதே பதில். எங்கள் தேனீக்கள் குப்பியை முகர்ந்து சீனித்தண்ணி குடிப்பதோடு சரி, தேனுக்கு எங்கே போவேன்? கடைசியில் போத்தலை என் வீட்டு ஜன்னலிலேயே வைத்துவிட்டு அக்கா சொன்னார்: "அரசாங்கத்துத் தேனீதானடி, பட்ஜெட் வந்தாத்தான் சுரக்கும். நான் காத்திருக்கேன்."

பெரியவர்கள் வந்த நாள்

கடைசியில் சோதனை காட்டும் நாள் வந்தது. சீருடை போட்டவர்கள் மூன்று கார்களில் வந்து குடைக்குக் கீழே உட்கார்ந்தார்கள். வாசனைக் குப்பிகளைத் திடலில் புதைத்தாயிற்று. நன்றாக நடந்தால் கிராண்ட் நீளும், என் கையெழுத்தும் நீளும். விடியும் முன்னே சாமிக்கு விளக்கேற்றினேன், ஊதுபத்தி மட்டும் கொளுத்தவில்லை, தேனீக்காக. டாக்டர் கூட்டைத் திறந்தார். தேனீக்கள் புகை மாதிரி எழுந்தன. திடலுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றின. பிறகு மொத்தமாகத் திரும்பி, வாய்க்காலைத் தாண்டி, செம்பனைக் காட்டுக்குள் போய்விட்டன.

உள்ளேயிருந்து ஒரே கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால், மழையால் நாள் தள்ளிக்கொண்டே வந்த உரத்தை அன்றைக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெடிமருந்தில் சேருகிற உப்பின் உறவுக்காரன்தான் அந்த உரத்திலும் இருக்கிறான். அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் தோட்ட ஆபீஸில் போய், இன்றைக்கு உரம் போடாதீர்கள் என்று சொல்ல முடியாது, ரகசியமாச்சே. உர மூட்டைமேல் தேனீ, வாளிமேல் தேனீ, உரம் போடுகிற பெண்களின் கைச்சட்டைமேல், கழுத்துத் துணிமேல், முக்காட்டின்மேல் எல்லாம் தேனீ. அவர்களை வேலை வாங்குகிற மண்டோர் தூரத்தில் நின்று தொப்பியை ஆட்டுகிறார், கிட்டே வரவில்லை. குடைக்குக் கீழிருந்து எழுந்து பின்னாலேயே வந்த ராணுவ மேஜர் வயிறு குலுங்கச் சிரித்தார். "டாக்டர், இந்த அம்மாக்களையெல்லாம் நான் கைது செய்யணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள், வள்ளியக்காவைத் தவிர. மூக்கில் கட்டிய துணியை இறக்கினார். தோளில் மேய்ந்த தேனீயைத் தட்டவில்லை. "அடியே புனிதா, இத்தன வருசமா இந்த உரத்த நாங்க மூச்சுல இழுக்கிறோம், என்னா ஏதுன்னு ஒருத்தன் வந்து பாத்ததில்ல. உன் பூச்சியாச்சும் வந்து பாத்துச்சே!"

பாராட்டு

சில வாரம் கழித்து டாக்டர் வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. உரம் போட்ட மண்ணில் தேனீயை நம்ப முடியாது என்று கண்டுபிடித்ததே பெரிய விஷயமாம். துணிந்து செய்கிற ஆராய்ச்சி என்றால் இதுதான் என்று மேலிடத்தில் கைகுலுக்கினார்களாம். வெளிநாட்டு மாநாட்டில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்களாம். எனக்கும் உண்மையிலேயே சந்தோஷம். "அப்ப அடுத்த மூணு மாசத்துக்குக் கையெழுத்து எங்க டாக்டர் போடணும்?" என்று பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

"கிராண்ட் முடிஞ்சிருச்சு, புனிதா. புதுசுக்கு எழுதியிருக்கேன். எப்ப வரும்னு தெரியாது." கொட்டகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கூட்டையெல்லாம் எங்க வைக்கிறதுன்னுதான் தெரியல. உங்க வீட்டுப் பின்னால இடம் இருக்குல்ல? பழகின தேனீங்க. தினமும் காலையில சீனித்தண்ணி மட்டும் வெச்சாப் போதும்."

"தேனீ எந்திரிக்கிறதுக்கு முன்னாலயே நான் ரவாங் பஸ் ஏறிடுவேன், டாக்டர்" என்றேன். அவருக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. காரில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்தக் கொட்டகையில் நான் படித்த படிப்பை ஒரே வரியில் சொன்னால், அரசாங்கம் துணிந்து போட்ட பணம் தோற்றபோது டாக்டருக்கு அது பாடமாயிற்று, மேஜருக்குச் சிரிப்புக் கதையாயிற்று, எனக்கு மட்டும் மறுபடி பிள்ளையின் தூங்குகிற முகமாயிற்று.

கார் நகர்வதற்குள் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"டாக்டர், புது கிராண்டுக்கு எழுதறீங்கல்ல, அதுல ரிஸ்க் யாருக்குன்னு கேக்குற இடம் இருந்தா, என் பேரையும் கொஞ்சம் எழுதிடுங்க."