பூங்காவில் விளைந்த மக்காச்சோளம்

பெரம்பலூரின் ஓரத்தில் இருக்கும் எங்கள் தெரு ஒரு காலத்தில் பருத்திக்காடு. மனை போட்டார்கள், தார் ரோடு வந்தது, பிறகு நகராட்சியும் வந்தது. காட்டை விற்றவர்களில் பாதிப்பேர் அங்கேயே மனை வாங்கிக் குடியேறினார்கள்.

வரைபடத்தில் பச்சை அடித்த ஒரு கட்டம் உண்டு. அது பூங்கா. நேரில் போனால் கருவேல முள். அங்கே குப்பை தரம் பிரிக்கும் கூடம் கட்டப்போவதாக நகராட்சி சொன்னதும் முதலில் எதிர்த்துக் கிளம்பியவர் பக்கத்து வீட்டு அக்கா. அவருடைய சமையலறை ஜன்னலிலிருந்து அந்த இடம் பத்தடி தூரம். மனுவை நான் எழுதினேன்.

நகராட்சி அதிகாரி அதைப் படித்துவிட்டுச் சொன்னார்: "மூணு மாசம் கழிச்சு வரேன். பூங்கா மாதிரி இருந்தா கூடத்தை வேற எடத்துக்கு மாத்திடறேன். இல்லன்னா கட்டிருவோம்."

ஞாயிற்றுக்கிழமை முள்ளை வெட்டினோம். எதிர்வீட்டுக்காரர் டிராக்டர் கொண்டுவந்து உழுதார். இருபது புங்கங்கன்றுகள் நட்டோம். மறுநாளே நல்ல மழை. தவறு அங்கேதான் தொடங்கியது. உழுத ஈரமண்ணைச் சும்மா விட அந்தத் தெருவில் யாருக்கும் மனசு வரவில்லை.

"நடுவுல எடம் சும்மாதான கெடக்கு," என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"பூங்காங்க அது," என்றேன்.

"யாரு இல்லன்னா? இது ஊடுபயிருங்க."

அக்கா மக்காச்சோளம் ஊன்றினார். இரண்டு வரிசை நானும் ஊன்றினேன். அக்காவே களையெடுத்தார், உரம் வைத்தார். மூன்றாம் மாதம் பயிர் ஆளுயரத்தைத் தாண்டியது. கன்றுகளைக் காணவில்லை.

அதிகாரி வந்தார். "பூங்கா எங்கம்மா?"

"உள்ளதாங்க சார் இருக்கு," என்றார் அக்கா.

அதிகாரி பயிருக்குள் போய், சட்டையெல்லாம் மகரந்தத்தோடு வெளியே வந்தார். கையில் ஓட்டை விழுந்த ஓர் இலை. "படைப்புழு இருக்கே, மருந்து அடிக்கலையா?" அவருக்கும் ஜெயங்கொண்டம் பக்கம் சோளக்காடு உண்டு. அக்காவின் முகம் தெளிந்தது. அடுத்த பேச்சில் அந்தத் தெளிவு போய்விட்டது.

"வெள்ளிக்கிழமை போட்டோ எடுத்து மேல அனுப்பணும். சோளம் நின்னா கூடம் வந்துரும்."

"இன்னும் இருவது நாளுங்க சார். கதுரு பால் புடிச்சிருக்கு."

"வெள்ளிக்கிழமைம்மா."

வியாழன் காலை அக்கா அரிவாளோடு இறங்கினார். எதிர்வீட்டுக்காரர், "பால் கதுர அறுக்கறத என்னால பாக்க முடியலங்க" என்று பஸ் ஏறி டவுனுக்குப் போய்விட்டார். மீதியை நானும் சேர்ந்து அறுத்தேன். சோளத்தட்டை மாடுகளுக்குப் போனது. தெரு முழுக்க இரண்டு நாள் கதிர் வெந்தது. கன்றுகளில் பதினேழு உயிரோடு இருந்தன. நிழலில் வெளிறி, முழங்கால் உயரத்தில்.

அதிகாரி போட்டோ எடுத்தார். சொன்னபடியே கூடத்தை வேறு இடத்துக்கு மாற்றினார். சிமெண்டு பெஞ்சு இரண்டு வந்தன.

போன வாரம் மழை. அக்கா ஜன்னல் வழியே கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, வேலியோரமா அவரைக்கொடி போட்டா போட்டோவுல தெரியுமா?"

அதிகாரி நின்று படம் எடுத்த இடத்துக்குப் போய் நின்று பார்த்தேன்.

"தெரியாதுங்கக்கா," என்றேன்.