பரமானந்தத்தின் கடைவாய்ப் பல்

வட்டக்கானலில் டீக்கடை வைத்திருக்கும் பரமானந்தத்துக்குச் சவரக் கீறல் பட்டாலே அரை மணி நேரம் ரத்தம் வடியும். "உறையுற வேலைக்கு லேட்டா வர்ற ரத்தம்" என்று தானே சொல்லிச் சிரிப்பார். போன வருஷம் ஒரு பல்லைப் பிடுங்கியபோது இரண்டு நாள் நிற்கவில்லை. அடுத்த பல்லும் ஆடத் தொடங்கியதும் பல் டாக்டர் மதுரைக்கு அனுப்பிவிட்டார்.

அங்கே சோதித்த டாக்டர் லாவண்யா, "பிளேட்லெட் நெறையவே இருக்கு. அதை ஒட்டவைக்கிற பசைதான் கம்மி. பொறவியிலேயே உள்ளது," என்றார். "மூளைக்கு அடியில பட்டாணி அளவுல பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி. அது விடுற ஹார்மோன் மாதிரியே செஞ்ச மருந்து ஏத்துறோம். ரத்தக்குழாய்ல பதுங்கியிருக்கிற பசை வெளிய வரும்."

"நம்ம மண்டைக்குள்ளயும் உருப்படியா ஒண்ணு இருக்குங்கிறீங்க."

"இருக்கு. ஆனா அது ஒடம்புல தண்ணியவும் நிறுத்தி வச்சிரும். நாளைக்கு இந்நேரம் வரை ஒரு லிட்டருக்கு மேல எதுவும் குடிக்காதீங்க. டீயும் சேத்துத்தான்."

மருந்து ஏறியதும் முகம் சிவந்தது. பல் கழன்று வந்தது, பஞ்சைக் கடித்த கால் மணியில் ரத்தம் நின்றது. ராணுவத்தில் சேர்ந்த மகனைப் பார்ப்பதுபோலப் பரமானந்தம் அந்தப் பஞ்சைப் பெருமையோடு பார்த்தார்.

அன்று மனைவி கேத்தரினோடு மதுரையிலேயே கொழுந்தியா வீட்டில் தங்கினார். மலைக்குளிரில் கிடந்த உடம்பு மதுரை வெயிலில் வெந்தது. கேத்தரின் ஒரு லிட்டர் பாட்டிலை அளந்து வைத்துவிட்டுக் கடைக்குப் போன நேரத்தில், குடத்திலிருந்து செம்பு செம்பாகக் குடித்தார். சாயங்காலம் தலை வெடித்தது, வாந்தி. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார்கள்.

"தண்ணி கூடிப்போயி ரத்தத்துல உப்பு எறங்கிருச்சு.  எவ்வளவு குடிச்சீங்க?"

"டீ தொடவேயில்லைங்க," என்றார், ஏதோ தியாகம் செய்தவர் மாதிரி.

கேத்தரின் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்பத்திரண்டு வயசு ஆளுக்குக் குடத்தைப் பூட்டி வைக்கவா முடியும், டாக்டர்?"

இரண்டு நாளில் உப்பு சரியானது. கிளம்பும்போது டாக்டர், பிள்ளைகளுக்கும் இது இருக்கலாம், சோதிக்கணும் என்றார். திண்டுக்கல்லில் வேலை பார்க்கும் மகள் ஜெசிந்தாவுக்குப் பரமானந்தம் ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"ஒனக்குன்னு அப்பன் எதுவும் சேத்து வைக்கல பாப்பா. இந்த ரத்தம் ஒண்ணுதான்."

அவள் சிரிக்கவில்லை. "அதனாலதானாப்பா எனக்கு மாசாமாசம் அப்பிடிப் போகுது? பத்து நாளு, சமயத்துல பன்னெண்டு நாளு. பொம்பளப் பிள்ளைகளுக்கு அப்பிடித்தான்னு வீட்ல சொன்னீங்களே."

பரமானந்தம் கேத்தரின் முகத்தைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சனிக்கிழமை லீவு போட்டுட்டு வெரசா மதுரைக்கு வந்துரு," என்றார். "டாக்டர்கிட்ட நானும் கூட வர்றேன்."