சிலுவை மேல் காக்கா

எங்கள் பக்கத்தில் 'அளக்கிறான்' என்றால் பொய் சொல்கிறான் என்று பொருள். என் அக்கா பிலோமியின் புருஷன் பாஸ்கல் மாமா இரண்டு விதத்திலும் அளப்பவர். துறைமுகத்தில் உடைந்துபோன சரக்குப் பெட்டிகளைச் செப்பனிடும் தச்சர். பகலில் பலகையை அளப்பார். சாயங்காலம் டீக்கடையில் மற்றதை. தான் சொன்னது தப்பு என்று அவர் ஒப்புக்கொண்டு நான் பார்த்தது ஒரே ஒரு முறை. அதுவும் கோயிலில், ஊர் முன்னால்.

அறுபத்தெட்டில் எங்கள் பங்குச் சாமியார் ஒரு பிரெஞ்சுக்காரர். பெயர் எத்தியேன், தமிழில் அது முடியப்பர். அவர் தலையில் ஒரு முடி கிடையாது என்பதால் அந்தப் பெயர் எங்களுக்கு அலுக்கவே இல்லை. பாண்டிச்சேரியில் பண்டிதரிடம் கற்ற செந்தமிழில்தான் பேசுவார். எந்தச் சுவிசேஷத்தில் ஆரம்பித்தாலும் பிரசங்கம் அவர் பிறந்த கிராமத்துக் கோயிலில்தான் போய் நிற்கும். எண்ணூறு வருஷத்துக் கோயில். ஆறடிக் கனத்தில் கல் சுவர். கூரையும் கல். அந்தப் பாரத்தைச் சுவர் தாங்க வேண்டுமே என்று ஜன்னல்களைச் சின்னச் சின்னதாக வைத்திருந்தார்களாம். தூண்களின் தலையில் பிசாசு முகங்கள். இங்கிலீஷ்காரனோடு நடந்த சண்டையில் கோபுரத்தின் மேல்பாதி எரிந்து, நூறு வருஷம் கழித்து வேறு யாரோ கட்டியதால் கீழ் வளைவுகள் அரைவட்டம், மேல் வளைவுகள் கூர்முனை. எங்கள் கோயிலை எந்த வருஷம் கட்டினார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கோயிலுக்கு எத்தனை தூண் என்று கேட்டால் மீன் விற்கிற பெண்கள்கூட 'பதினாறு' என்பார்கள்.

அந்த வருஷம் சாமியாருக்குப் பார்வை போய்விட்டது. ஆபரேஷன் செய்தும் நிழல் மட்டும்தான் தெரிந்தது. ஜெபப் புத்தகத்துக்குள் நாற்பது வருஷமாக வைத்திருந்த கோயில் படத்தை மாமாவிடம் கொடுத்து, "இனி இஃது எனக்குப் பயன்படாது, மகனே" என்றார்.

மாமா அன்று டீக்கடைக்குப் போகவில்லை. நேரே வீட்டுக்கு வந்து, "கண்ணுக்குத் தெரியலன்னா இன்னா, கைக்குத் தெரியுமில்ல" என்றார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் முடியப்பர் திருநாள். அதற்குள் அந்தக் கோயிலை மரத்தில் செய்ய வேண்டும். சாமியார் அதைத் தடவிப் பார்த்து 'இது என் கோயில்தான்' என்று சொல்ல வேண்டும். முந்தின வருஷம் மாமா செய்த கிறிஸ்துமஸ் குடிலில் ஒட்டகம் ஆட்டைவிடச் சின்னதாகப் போய் ஊரே சிரித்திருந்தது. ஆனால் இது அந்த ரோஷம் இல்லை. அந்தக் கிழவர் மேல் அவருக்கு இவ்வளவு பிரியம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

வினை முதல் நாளே வந்தது. மூன்று விரல் அகலப் படம். கோபுரச் சிலுவையின் உச்சியில் கறுப்பாக ஏதோ ஒன்று.

"அது சேவல்யா" என்றாள் அக்கா.

"போட்டோ புடிக்கசொல்ல காக்கா வந்து குந்திகினு கீது. சிலுவ மேல எவனாச்சும் சேவல ஏத்துவானா?"

நான் ரயில்வேயில் ஃபிட்டர். உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டுவந்து பார்த்தேன். வால் சேவலுடையதுதான். மாமா முறைத்தார். நானும் காக்கா என்றேன். அந்த வீட்டில் ராத்திரிச் சாப்பாடு எனக்கு வேண்டியிருந்தது.

மூன்று மாதம் கள்ளிப்பெட்டிப் பலகையை இழைத்தார். கூரையைக் கழற்றினால் உள்ளே பதினாறு தூண். தூணுக்கு ஒரு பிசாசு. பதினாறுக்கும் துறைமுகத்து மேஸ்திரியின் முகம். வர்ணம் அடிக்கும்போது அக்கா மறுபடி சேவலைப் பற்றிக் கேட்டாள். "காக்கான்னு சொன்னேன்ல" என்றார். கிறிஸ்துமஸ் அன்று கடைசியாகக் கேட்டாள். "சத்தியமா காக்கா. பேஜாரு பண்ணாத பிலோமி" என்றார். அவள் வீட்டுப் பீடத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் பூசை முடிந்ததும் நாலு பேர் அதைத் தூக்கிவந்து மேசையில் வைத்தோம். சாமியார் உட்கார்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு சுவரிலிருந்து ஆரம்பித்தார். கனத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். ஜன்னலுக்குள் விரல் நுழையவில்லை, தலையை ஆட்டினார். மாமா கூரையைக் கழற்றித் தர, உள்ளே ஒரு பிசாசின் மூக்கைத் தடவி, "இவனை நான் அறியேன்" என்றார். அறிந்தவர்கள் பின்னால் சிரித்தார்கள்.

கை கோபுரத்தில் ஏறியது. அரைவட்டம், பிறகு கூர்முனை. சிலுவை வரைக்கும் போன விரல்கள் அதற்கு மேலே காற்றில் எதையோ தேடின. இறங்கி வந்து மறுபடி ஏறித் தேடின.

"இது நல்ல கோயில், பாஸ்கல்" என்றார் சாமியார். குரல் தணிந்திருந்தது. "யாருடைய கோயில்?"

மாமாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"எங்கள் நாட்டில் கோயில் உச்சியில் சேவல் நிற்கும், மகனே. சீடர் இராயப்பர் ஆண்டவரை அறியேன் என்று மும்முறை மறுதலித்த அன்று கூவிற்றே, அதன் நினைவாக."

இராயப்பர் பேரால்தான் எங்கள் ஊரே ராயபுரம் என்று பீற்றிக்கொள்கிறவர்கள் நாங்கள். எங்களில் ஒருவருக்கும் அந்தச் சேவல் ஞாபகம் வரவில்லை.

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கட்டைவிரல் உயரத்தில் ஒரு மெழுகுச் சேவல். அதன் அடியை உள்ளங்கைச் சூட்டில் இளக்கி, சிலுவை உச்சியில் அழுத்தி வைத்தாள். சாமியாரின் கையைப் பிடித்து மேலே கொண்டுபோனாள். அவர் கொண்டையைத் தொட்டார். வாலைத் தொட்டார். பார்வை போன கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"இது என் கோயில்" என்றார்.

மாமா தொண்டையைச் செருமினார். "கடைசியா வைக்கலாம்னு நான்தான் பாதர்..." என்று ஆரம்பித்தவர், அக்காவைப் பார்த்தார், நிறுத்தினார். "இல்ல பாதர். அவதான் சேவல்னா. நான்தான் தப்பா காக்கான்னு சாதிச்சேன்."

சாமியார் அவர் பக்கமாகத் திரும்பினார். "எத்தனை முறை அப்படிச் சொன்னாய்?"

அக்காதான் சொன்னாள்.

"மூணு தபா, பாதர்."