பால்கோவாவுக்கு அடியில் ஒரு கெட்டில்

ராஜபாளையத்திலிருந்து அப்பா, அம்மாவை முதன்முதலாகச் சொகுசுக் கப்பல் பயணத்துக்கு அழைத்துப் போனேன். விதிகளையெல்லாம் படித்துவிட்டதாக எனக்கு நினைப்பு; கெட்டில் மட்டும் சந்தேகமாக இருந்தது. அம்மாவின் கருப்பட்டிக் காபிக்காக மின்சாரக் கெட்டிலைப் பெரிய பெட்டியில், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா டப்பாக்களுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அப்பாவின் இன்சுலினும் அதே பெட்டியில்தான் இருந்தது.

சென்னைத் துறைமுகத்தில் பெட்டியை வாங்கிக்கொண்டு, அறைக்கே வந்துவிடும் என்றார்கள். கப்பலில் ஏறி, மதிய உணவுக்கூடத்தை மூடப்போகும் நேரமாகியும் பெட்டி வரவில்லை. அப்பா தட்டைத் தொடவில்லை.

"ஏட்டி, ஊசி போடாம எப்படிச் சாப்பிட? எம்புட்டு நேரந்தான் பாத்துக்கிட்டே இருக்க?"

சாப்பிட்டால் சர்க்கரை ஏறும். சாப்பிடாவிட்டால் மயக்கம் வரும். கெட்டிலால்தான் பெட்டியை நிறுத்திவிட்டார்களோ என்றேன்.

"நான் காபி கேட்டேனாக்கும்? நீயா பெருமைக்கு எடுத்து வச்ச!" என்றார் அம்மா.

வரவேற்பு மேசைக்கு ஓடினேன். சூடேற்றும் சாதனத்துக்குக் கப்பலில் அனுமதி இல்லை என்று பெட்டியைக் கீழ்த்தளத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். கெட்டிலை எடுத்துக்கொண்டு இன்சுலினைத் தந்தார்கள். உணவுக்கூடத்தில் அப்பாவுக்காக ஒரு தட்டு எடுத்து வைத்திருந்தார்கள். தப்பித்தோம்.

இப்போதெல்லாம் எந்தப் பயணத்திலும் மருந்துப் பை என் தோளில்தான் இருக்கும். சந்தேகமான பொருளை ஒளித்து வைக்காமல் முன்பே கேட்டுவிடுகிறேன்.

அன்று மாலை கப்பல் காபியைக் குடித்துவிட்டு அம்மா சொன்னார்: "ஏட்டி, நல்லாத்தான இருக்கு!"